செண்பகவல்லி – கணவர்

2058 நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். அம்பத்தூரில் தூறல், வெப்பநிலை இருபத்தைந்து பாகை, வடகிழக்கிலிருந்து மிதமான காற்று. இவ்வளவும் வாகீசனின் கணினித் திரையின் மூலையில் தாமாகவே எழுதப்பட்டிருந்தன. அவன் சன்னல் பக்கம் திரும்பவில்லை. ஏற்காட்டுக் கூடத்திலிருந்து வந்திருந்த அறிவிப்பை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

"படுக்கை எண் 212. கடந்த டிசம்பர் மூன்றாம் நாளுக்குப் பின் இத்தொடர்பு திறக்கப்படவில்லை. ஓராண்டு நிறைவடையும் நாளில், மறுப்பு ஏதும் வராதவிடத்து, இவர் நெடுந்துயிலுக்கு மாற்றப்படுவார்."

வாக்கியத்தில் பிழை இல்லை. செய்தியில்தான் பிழை என்று அவன் எண்ணினான். படுக்கை 212 என்பது கோமதிநாயகம்; எண்ணூர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், அதிலிருந்து விழுந்தவர். அவருடைய மனைவி செண்பகவல்லி ஒரு திங்கட்கிழமையும் தவறாமல் இதே அறைக்கு வந்து, எதிர்மேசைக் கணினியின் முன் உட்கார்ந்து, அரை மணி நேரம் கணவரோடு எழுத்தில் பேசிவிட்டுப் போகிறார். இன்றும் பதினொரு மணிக்கு வருவார். திறக்கப்படாத தொடர்பில் ஒருவர் எப்படி ஓராண்டாகப் பேச முடியும்?

ஏற்காட்டுக் கூடத்தில் இருப்பவர்கள் உடல் முழுதும் முடங்கி, அறிவு மட்டும் விழித்திருப்பவர்கள். பார்வை இல்லை, செவி இல்லை, நா அசையாது. மண்டையோட்டுக்குள் பதித்த மெல்லிய வலை ஒன்று, இங்கிருந்து தட்டச்சிடும் சொற்களை அவர்கள் மனத்தில் தோன்றச் செய்யும். அவர்கள் சொல்ல நினைப்பதை இங்கே திரையில் எழுத்தாக்கும். குரல் கிடையாது, முகம் கிடையாது. பெயரும் கிடையாது, பெயர்கள் வெளியே கசிந்து வழக்கு நடந்தபின், கூடம் அவர்களை எண்ணால் மட்டுமே அறிய வேண்டும் என்று சட்டம் வந்தது. நோய்த்தொற்று அச்சத்தால் நேரில் பார்க்க எவருக்கும் அனுமதி இல்லை. ஆகவே, தொழிற்பேட்டையின் இரண்டாம் தெருவில் இந்த அலுவலகம். அதில் தொடர்புகளைத் திறந்துவிடும் பணியில் வாகீசன்.

முன்பெல்லாம் ஒரு தொடர்பைத் திறப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. கருப்பு முனையத் திரையில் நீண்ட முகவரியை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். கடவுச்சொல், கூடத்தின் குறியீடு, விரல்ரேகை, மறுபடி கடவுச்சொல். குடும்பத்தார்க்கு உரிய அரை மணியில் ஏழெட்டு நிமிடம் இதிலேயே கழியும். சென்ற ஆண்டு வாகீசன் இதற்கு ஒரு வழி கண்டான். ஒவ்வொரு தொடர்புக்கும் முகப்புத் திரையில் ஒரு குறுக்குவழிச் சின்னம். இருமுறை சொடுக்கினால் எல்லாம் தாமாக நடந்து தொடர்பு திறந்துவிடும். குடும்பத்தார் மகிழ்ந்தனர், தலைமையகம் பாராட்டியது.

நோயாளியின் பெயரைத் திரையில் காட்டக் கூடாது என்பதால், வருபவரின் பெயரும் உறவுமே சின்னத்தின் பெயர். அவன் 'செண்பகவல்லி – கணவர்' என்பதன்மேல் வலது சொடுக்கிட்டுப் பண்புகளைத் திறந்தான். முகவரி 187 என்று முடிந்தது.

பக்கத்துச் சின்னமான 'இளங்கோ – அண்ணன்' என்பதைத் திறந்தான். அதுவும் 187 என்றே முடிந்தது. அங்கே அது சரி.

நடந்தது என்ன என்பதைக் கண்டுபிடிக்க அவனுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. ஒரு சின்னத்தை நகலெடுத்து, பெயரை மாற்றி, பிறகு முகவரியை மாற்றுவது அவன் கையாண்ட முறை. இந்த நகலுக்கு முதலில் 'செண்பகவள்ளி' என்று அடித்திருந்தான். அந்த ளகரம் கண்ணை உறுத்தியது. கொடியைக் குறிப்பது வல்லி, வள்ளி வேறு. திருத்தினான். திருத்தியதும் ஒரு வேலையைச் செவ்வனே முடித்த நிறைவு வந்தது. அந்த நிறைவோடு அடுத்த சின்னத்துக்குப் போய்விட்டான். எம்.ஏ. தமிழ் முடித்து, ஒன்பதாண்டு மெய்ப்புத் திருத்தியவன் செய்யக்கூடிய பிழை அது. மற்றவர் எவரும் ளகரத்தோடு விட்டுவிட்டு முகவரிக்குப் போயிருப்பார்கள்.

"என்ன வாகீசன், கம்ப்யூட்டருக்குள்ள போயிருவீரு போலிருக்கே" என்றார் ஜெனோவா. அலுவலகத்தின் பொறுப்பாளர், தூத்துக்குடிக்காரர், காப்பிக் கோப்பையோடு அறை அறையாக நடப்பது அவர் வழக்கம்.

"செண்பகவல்லி அம்மாவுக்கு நான் போட்ட ஷார்ட்கட் வேற ஒருத்தருக்குப் போகுது மேடம்."

"எத்தன நாளா?"

"போட்ட நாள்லேர்ந்து."

ஜெனோவா கோப்பையை மேசையின்மேல் வைத்தார். "வேற ஒருத்தர்னா?"

"நூத்தியெண்பத்தேழு. இளங்கோன்னு ஒருத்தர் வந்திட்டிருந்தாரே, கனடா போனவர். அவரோட அண்ணன்."

"அந்தப் பையன் வாரத நிப்பாட்டி ஒரு வருசம் இருக்குமே. அப்போ இந்த அம்மா இத்தன நாள் பேசுனது..."

"அவரோடதான்."

"அந்த மனுசன் நான் ஒம்ம புருசன் இல்லம்மான்னு ஒரு வார்த்த சொல்லலியா?"

"சொல்லியிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்கும். யாரும் வராம கிடந்தவர் மேடம். ஒருத்தங்க வந்து பேசறாங்க. நீங்க தப்பான இடத்துக்கு வந்திருக்கீங்கன்னு எப்படிச் சொல்லுவார்?"

"அந்த அம்மாவுக்குமா தெரியல?"

"ஞாபகம் குழம்பும், பேர் மறக்கும், ஊர் மறக்கும்னு நாமதானே குடும்பத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். அவர் தப்பாச் சொன்னதெல்லாம் அந்தக் கணக்குல போயிருக்கும்."

ஜெனோவா திரையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் அனுப்புத மெயில்ல எல்லாம் க் போடல, ச் போடலன்னு சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்புவீரு. ஒரு நம்பரத் திருத்த முடியல ஒம்மால."

"முடிஞ்சிருக்கும். பாக்கலை."

"சரி. இப்ப இத அந்த அம்மா புருசனுக்கே மாத்தி விட்டுரும்."

"மாத்தறது ஒரு நொடி வேலை. மாத்தினா நூத்தியெண்பத்தேழுக்கு யாரும் இல்லை. இன்னையிலேர்ந்து ஒரு வருஷம். அப்புறம் அவருக்கும் இதே அறிவிப்பு வரும்."

"ரெண்டு பேர்கிட்டயும் அந்த அம்மாவே பேசட்டுமே."

"ஒருத்தருக்கு ஒரு தொடர்புதான் மேடம். நீங்கதான் சுற்றறிக்கையை வாசிச்சுக் காட்டினீங்க. ரெண்டு பேரோட பேசினா ஆள் மாறிக் குழப்பம் வரும்னு போட்ட விதி."

ஜெனோவா கோப்பையை எடுத்துக்கொண்டார்.

யாரும் பேசாத மனத்தை ஓராண்டுக்கு மேல் விழித்திருக்க வைப்பது கொடுமை என்று சட்டம் கருதியது. அதனால்தான் நெடுந்துயில், அதிலிருந்து எவரும் எழுப்பப்படுவதில்லை. ஓராண்டு வரையில் அது கொடுமையன்று என்றும் அதே சட்டம் கருதியது.

"மெதுவாச் சொல்லும்" என்றார் ஜெனோவா, போகும்போது.

"மெதுவாச் சொன்னாலும் அதே வாக்கியம்தான் மேடம்."

பதினொரு மணிக்குச் சற்று முன்பே செண்பகவல்லி வந்தார். நாற்பத்தாறு வயது, தொழிற்பேட்டையிலேயே ஓர் ஏற்றுமதித் தையல் நிறுவனத்தில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து முடித்த சட்டைகளை வெளிச்சத்தில் விரித்து, பிரிந்த தையலையும் மாறிய பொத்தானையும் கண்டுபிடிப்பார். திங்கட்கிழமைகளில் மட்டும் இரண்டு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு வருவார். கோவில்பட்டிப் பேச்சு இன்னும் போகவில்லை.

"மழ விடுத மாதிரி தெரியல சார்."

"உக்காருங்கம்மா. தொடர்பைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

வாக்கியத்தை அவன் முன்பே அமைத்து வைத்திருந்தான். எழுவாய் தெளிவாக இருக்க வேண்டும். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று, செய்தவனே இல்லாத வாக்கியமாகச் சொல்லக் கூடாது.

"நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். போன டிசம்பர்லேர்ந்து நீங்க பேசிட்டிருக்கறது உங்க வீட்டுக்காரரோட இல்லை. வேற ஒருத்தரோட."

செண்பகவல்லி குடையை மடித்து, அதன் நாடாவைச் சுற்றி, பொத்தானை அழுத்தினார்.

"தெரியும் சார்" என்றார்.

வாகீசன் தன் அடுத்த வாக்கியத்தையும் அமைத்து வைத்திருந்தான். அது இப்போது பயன்படவில்லை.

"எப்போ தெரிஞ்சது?"

"மொத நாளே."

"எப்படி?"

"சாப்பிட்டீங்களான்னு கேட்டாரு."

அவன் காத்திருந்தான். அவர் அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தார், பிறகு சொன்னார்.

"கல்யாணமாகி இருவத்திரெண்டு வருசம் சார். அவரு என்னைய அப்பிடிக் கேட்டதில்ல. சாப்பிட்டியான்னும் கேட்டதில்ல, அது வேற. 'ஏய்'ம்பாரு. 'இந்தா'ம்பாரு. கெட்ட மனுசன்னு சொல்லல. குடிக்க மாட்டாரு, கை நீட்ட மாட்டாரு. கேக்கத் தெரியாது, அம்புட்டுதான்."

"அடிபட்டதுல பேச்சு மாறியிருக்கும்னு நினைக்கலியா?"

"ஒரு நிமிசம் நெனைச்சேன். சரின்னு, 'மாடிப்படி லைட்டு எரியல'ன்னு சும்மா அடிச்சுப் பாத்தேன். 'இருட்டுல பாத்து ஏறுங்க'ன்னாரு." அவர் உதட்டோரம் இலேசாக அசைந்தது. "எங்க வீட்டுக்கு மாடியே கெடையாது சார்."

"அன்னைக்கே ஏன் எங்ககிட்டச் சொல்லலை?"

"சொன்னா மாத்திருவீங்க."

வாகீசன் தன் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்தான். முன்னிலைச் சொல்லொன்றின் ஈற்றில் 'ங்க' என்று இரண்டெழுத்து. இலக்கண நூலில் அதற்கு ஒரு பத்தி உண்டு. உயர்வு கருதி ஒருமையைப் பன்மையாக வழங்குதல். அவன் அதை மாணவர்க்குக் கற்பித்தும் இருக்கிறான்.

"உங்க வீட்டுக்காரரைப் பத்தி நினைச்சீங்களா?" என்றான். கேள்வி தான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்ததை உணர்ந்தான்.

"நெனைக்காம இருப்பனா? எனக்கு இவரு வந்தா, இவரோட ஆளுக அவருகிட்டப் போயிருப்பாகன்னு நெனைச்சேன். ஒரு சட்டையில நாலாவது பொத்தான் அஞ்சாவது ஓட்டையில போட்டிருந்தா, அஞ்சாவதும் மாறித்தான இருக்கும். யாரோ தம்பியோ, தங்கச்சியோ வாறாக. அவுககிட்டயாவது நல்லபடியா நாலு வார்த்த பேசுவாரு. என்கிட்டப் பேசுறதவிட அது அவருக்கு நல்லதுன்னு நெனைச்சேன்."

"அப்படி இல்லைம்மா" என்றான் வாகீசன். "ரெண்டும் இடம் மாறலை. ரெண்டு ஐகானும் ஒரே ஆளுக்குத்தான் போச்சு. உங்க வீட்டுக்காரர் தொடர்பை யாரும் திறக்கலை."

"யாரும்னா?"

"யாருமே."

செண்பகவல்லி குடையின் பொத்தானை விடுவித்தார், மறுபடி அழுத்தினார்.

"முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தாரா?"

"ஆமாம்மா."

அறிவிப்பைப் பற்றியும், நெடுந்துயிலைப் பற்றியும், ஒருவர்க்கு ஒரு தொடர்பு என்னும் விதியைப் பற்றியும் அவன் சொன்னான். அறிவிப்பு வந்தபின் தொடர்பைத் திறப்பது மட்டும் போதாது; யாருடைய தொடர்பை வைத்துக்கொள்கிறார் என்று வெள்ளிக்கிழமைக்குள் அவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும்; அதுவரை இரண்டையும் திறக்கலாம். வராவிட்டால் கோமதிநாயகத்தின் நாள் முடிந்துவிடும். செண்பகவல்லி எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். தையலை மேற்பார்க்க வந்தவர் சொல்லும் குறைகளைக் கேட்டுக்கொள்வது போன்ற தலையசைப்பு.

"அவரத் தொறங்க சார்" என்றார்.

அதற்குச் சின்னம் இல்லை. வாகீசன் முனையத் திரையைத் திறந்து பழைய வழியில் போனான். முகவரியை எழுத்தெழுத்தாக அடித்தான், ஒருமுறை சரிபார்த்தான், மறுமுறையும் சரிபார்த்தான். கடவுச்சொல், குறியீடு, விரல், கடவுச்சொல். இறுதியில் திரையின் இடது மேற்புறத்தில் ஒரு வெள்ளைக் கோடு துடிக்கத் தொடங்கியது. நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திவிட்டுப் பின்னால் நின்றான்.

செண்பகவல்லி ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

இருக்கீங்களா

கோடு நெடுநேரம் தனியே துடித்தது. பிறகு எழுத்துகள் வந்தன.

யாருங்க

செண்பகவல்லியின் விரல்கள் விசைகளுக்கு மேலே நின்றன. இங்கே பெயரைச் சொல்ல வேண்டும். வாகீசன் அதற்குக் காத்திருந்தான். அப்போதுதான் அவனுக்கு ஒன்று விளங்கியது. மனைவி கணவரை 'இருக்கீங்களா' என்று கேட்கிறார். அயலார் ஒருவரும் அப்படித்தான் கேட்பார். இரண்டும் ஒரே வடிவம். அவர் பேச்சிலிருந்து அவரைக் கண்டுபிடிக்க, அங்கே இருப்பவருக்கு எந்த அடையாளமும் இல்லை.

திரையில் அடுத்த வரி வந்தது.

போயிராதீங்க

அதன்பின் இன்னொன்று.

யாரா இருந்தாலும் சரி

இருக்கேன், என்று செண்பகவல்லி அடித்தார்.

ஆபீஸ்காரங்களா

அவர் திரும்பி வாகீசனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்ததா, அனுமதி கேட்டதா என்று அவனால் பிரித்தறிய முடியவில்லை. அவர் திரும்பிக்கொண்டு, ஆமா, என்று அடித்தார்.

வாங்க. ரொம்ப நாளாச்சுங்க ஆள் வந்து. எம்புட்டு நாள்னு தெரியல. நீங்க சாப்பிட்டீங்களா

செண்பகவல்லி இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். சற்று நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டார்: "இது அவருதானா சார்?"

"இருநூத்திப்பன்னெண்டு. ரெண்டு தடவை சரிபாத்தேன்."

"இல்ல, கேட்டேன்."

அதற்குள் எழுத்துகள் வேகமாக வரத் தொடங்கியிருந்தன.

ஒரு உதவிங்க. என் வீட்டுக்காரி எப்பயாச்சும் வந்தா உள்ள விடாதீங்க

ஏன், என்று அவர் அடித்தார்.

அவ வரல. இம்புட்டு நாள் என்னைய இருட்டுக்குள்ள போட்டுட்டா. வந்தான்னா வாய்க்கு வந்ததப் பேசிருவேன். என் வாய் அப்பிடி. அப்புறம் அவளும் வரமாட்டா நீங்களும் வரமாட்டீங்க

வாகீசன் கடைசி வாக்கியத்தை மறுபடி படித்தான். ஒரே வாக்கியத்தில் ஒரே பெண் இருமுறை வந்தார். ஒருமையில் ஒரு முறை, பன்மையில் ஒரு முறை. இடையில் எந்த முரணும் இல்லாமல் வாக்கியம் ஒழுங்காக நின்றது.

சரி சொல்லிருதேன், என்று அடித்தார் செண்பகவல்லி.

திரும்ப வருவீங்களா

வருவேன்

நல்லா இருங்க. பாத்துப் போங்க

தொடர்பை மூடியபின் செண்பகவல்லி எழுந்திருக்கவில்லை. "இன்னைக்கு இன்னும் என் நேரம் இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"அவரையும் ஒரு தடவ தொறங்க."

வாகீசன் 'செண்பகவல்லி – கணவர்' சின்னத்தை இருமுறை சொடுக்கினான். அது உடனே திறந்தது. அந்த விரைவு இப்போது அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

வந்துட்டீங்களா. இன்னைக்கு நேரமாச்சு. மழையா

ஒண்ணு கேக்கவா, என்று அடித்தார்.

கேளுங்க

உங்க பொண்டாட்டிய எப்படிக் கூப்பிடுவீங்க

வெள்ளைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. கூடத்தின் மின்னிணைப்பில் கோளாறோ என்று வாகீசன் எண்ணும் அளவுக்கு நேரம் ஆயிற்று.

தெரிஞ்சிருச்சா

ம், என்று அடித்தார்.

எப்பலேர்ந்து

அதை விடுங்க. சொல்லுங்க

மறுபடி தாமதம்.

வாடி போடின்னுதாங்க. ஒரு நாளும் பேர் சொன்னதில்ல. அதான் நான் படுக்கையில விழுந்ததும் அவ போயிட்டா. தம்பி வந்துட்டிருந்தான். அவனையும் ஏதோ சொல்லிட்டேன். அவனும் வரல. அப்புறம் நீங்க வந்தீங்க. எப்படிக் கூப்பிட்டா திரும்ப வருவீங்களோ அப்படிக் கூப்பிட்டேன்

செண்பகவல்லி அதைப் படித்தார். ஒரு சட்டையின் உட்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர்போல், அவசரப்படாமல் படித்தார்.

அடுத்த வாரம், என்று திரையில் வந்தது. கேள்வியா, வேண்டுகோளா என்று சொல்ல அங்கே குறியீடு இல்லை.

அவர் ஒன்றும் அடிக்கவில்லை. நேரம் முடிந்ததும் வாகீசனே தொடர்பை மூடினான்.

"ஒரே துணிதான் சார்" என்றார் செண்பகவல்லி, குடையை எடுத்துக்கொண்டு. "வெட்டுனதுதான் வேற."

அந்த வாரம் முழுதும் தூறல் விட்டுவிட்டுப் பெய்தது. வாகீசன் முகப்புத் திரையில் இருந்த எல்லாச் சின்னங்களின் முகவரிகளையும் சரிபார்த்தான். வேறு எதிலும் பிழை இல்லை. தலைமையகத்துக்கு நடந்ததை எழுதினான். அங்கிருந்து, இனிமேல் சின்னங்களை இரண்டாம் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்று பதில் வந்தது. பதிலில் 'சரிப்பார்க்க' என்று இருந்தது. அவன் அதைத் திருத்தாமல் விட்டான்.

"யார எடுப்பாங்கன்னு நெனைக்கீரு?" என்று புதன்கிழமை ஜெனோவா கேட்டார்.

"தெரியலை மேடம்."

"புருசனத்தான். எங்க பக்கத்துப் பொம்பள. வையுவா, ஆனா விடமாட்டா."

"நூத்தியெண்பத்தேழு?"

"விளம்பரம் கொடுப்போம். சும்மா பேசிட்டு இருக்க ஆள் தேவைன்னு."

"யார் வருவாங்க?"

ஜெனோவா காப்பியை ஊதினார். "நீரே பேசுமேன்."

"பணியாளர் தொடர்பாளராக இருத்தல் கூடாது. விதி ஒன்பது."

"பாத்து வச்சிருக்கீரு அப்போ."

அவன் பார்த்துத்தான் வைத்திருந்தான். வாக்கியம் ஐயத்துக்கு இடமின்றி அமைந்திருந்தது. அதைப் படித்து முடித்தபோது தன்னுள் எழுந்தது ஏமாற்றமா, நிம்மதியா என்று ஆராயாமல் பக்கத்தை மூடியிருந்தான்.

வெள்ளிக்கிழமை, மதிய உணவு இடைவேளையில் செண்பகவல்லி வந்தார். தோளில் நூல்துணுக்குகள் ஒட்டியிருந்தன. நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே, நான்காக மடித்த தாளை விரித்து அவன் பக்கம் நீட்டினார். ஆனால் கையை விடவில்லை. இருவர் கையிலும் தாள் இருக்க, வாகீசன் படித்தான்.

தொடர்பாளர் பெயர் இருந்தது. அடுத்து, படுக்கை எண்: 212. ஜெனோவா சொன்னதே நடந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். கீழே கையெழுத்து. இடையில் 'உறவு' என்று அச்சிட்ட இடத்தில், உருண்டையான கையெழுத்தில், 'இல்லை' என்று எழுதியிருந்தது.

"இங்கே மனைவின்னு வரணும்மா."

"உறவு இல்லாதவுகளும் பேசலாம்னு போட்டிருக்கே சார். பின்பக்கம்."

"போட்டிருக்கு. ஆனா நீங்க..."

"ஆபீஸ்காரின்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. அப்பிடியே இருக்கட்டும்."

வாகீசன் குரலைத் தாழ்த்தினான். "மனைவி வரவே இல்லைன்னு கடைசி வரைக்கும் நினைச்சிட்டிருப்பார்."

"ஆமா."

"அவங்களைப் பத்தி உங்ககிட்டயே குறை சொல்லுவார்."

"சொல்லட்டும். மனசுல இருக்கிறத என்கிட்ட ஒருநாளும் சொன்னதில்ல. இவங்ககிட்டச் சொல்லுவாரு." இவங்க என்றபோது தாளில் இருந்த தன் பெயரைக் கண்ணால் காட்டினார். "கேட்டுக்குவாங்க."

"உங்களுக்கு இது போதுமா?"

செண்பகவல்லி சற்று யோசித்தார். அந்தக் கேள்வியை யாரும் இதுவரை கேட்காததால், விடை எங்கே இருக்கும் என்று தேடுபவர்போல் இருந்தது.

"வாங்கம்பாரு, உக்காருங்கம்பாரு" என்றார். "பாத்துப் போங்கம்பாரு. வேற என்ன சார்."

பிறகு கேட்டார்: "அந்த இன்னொருத்தரு?"

"ஒரு வருஷம் இருக்கு."

"நான் வரமாட்டேன்னு சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"சொல்லிருங்க. வருவா வருவான்னு கெடக்கக் கூடாது."

"சொல்றேன்."

விதிகளில் அவன் தேடிப் பார்த்துவிட்டான். உறவை மறைப்பது குற்றம் என்று எங்கும் இல்லை. இப்படி ஒருவர் மறைக்கக்கூடும் என்று எழுதியவர்கள் நினைத்திருக்கவில்லை. தாளைத் திருப்பி அனுப்ப அவனுக்கு உரிமை இல்லை. ஏற்றுக்கொண்டால், ஏற்காட்டில் இருட்டுக்குள் இருக்கும் ஒருவருக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு பொய்யைத் திறந்துவிட வேண்டியவன் அவனே. சென்ற ஓராண்டும் அவன் அதைத்தான் செய்திருந்தான். இனி, தெரிந்து செய்ய வேண்டும்.

"எழுத்துல ஏதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்க சார். இங்கயே திருத்தித் தாறேன்."

அவன் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பார்த்தான்.

"தப்பு இல்லைம்மா" என்றான்.

செண்பகவல்லி தாளைத் தன் பக்கம் இழுத்து, தாமும் ஒருமுறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, அவன் கையில் கொடுத்தார்.